தந்தி கேட்பது எவ்வளவு?

நிமிடத்துக்கு 120 தட்டு என்பது மெல்லிசையில் சர்வசாதாரணமான வேகம். ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வீதம் வாசித்தால், பேஸ் கிட்டார்க் கலைஞரின் வலக்கை ஒரு நிமிடத்தில் 240 முறை தந்தியை மீட்டுகிறது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பாதி நேரமே அவர் வாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 14,400 மீட்டல்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் விரலுக்கு 7,200. ஒரு மீட்டலில் கண்ணுக்கே தெரியாத சிறு கோணல், இத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தால் மணிக்கட்டிலும் முன்கையிலும் தன் வேலையைக் காட்டிவிடும்.

இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பேஸ் கிட்டார் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. பாடுபவரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாகவே அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தில் மயங்கிக் கருவியை வாங்குகிறவர்களில் பலர், சில மாதங்களுக்குள் முன்கை கடுக்கிறது, விரல் மரத்துப் போகிறது என்று சொல்லத் தொடங்குகிறார்கள். ‘வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்’ என்ற அறிவுரை உடனே கிடைக்கும். அந்த அறிவுரை ஆபத்தானது. கை வலிக்கிறது என்றால், தந்தி கேட்டதைவிட அதிகமாக எங்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தந்தி கேட்பது எவ்வளவு என்பதை இயற்பியல் சொல்லும். மிச்சம் எங்கே போகிறது என்பதை உடற்கூறியல் சொல்லும்.

கட்டைவிரலுக்காகச் செய்த கருவி

மின் பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் அவருடைய பட்டறை 1951-இல் ‘பிரிசிஷன் பேஸ்’ கருவியை வெளியிட்டது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தும், மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அதன் ஒலி அமுங்கிப்போவதைச் சகித்தும் வந்த கலைஞர்களுக்கு அது விடுதலையாக இருந்தது. அந்தக் கருவியின் முகப்பில், மெல்லிய தந்திக்குக் கீழே, சிறிய கட்டை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நான்கு விரல்களையும் அதில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மீட்ட வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். வாசித்தவர்களோ ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டினார்கள். 1970-களின் நடுவில் ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கட்டையைத் தடித்த தந்தியின் பக்கத்துக்கு மாற்றியது. விரல்களுக்கான பிடியாக இருந்தது கட்டைவிரலுக்கான தாங்கியானது.

வயலினுக்கும் வீணைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த கைப்பாடம் உண்டு. பேஸ் கிட்டாருக்கு அப்படி ஒன்று இல்லாமலேயே அதன் பெருங்கலைஞர்கள் வந்துவிட்டார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களின் புகழ்பெற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர். அவருடைய தந்திகள் தடிமனானவை. ஃபிரெட் பலகையிலிருந்து நன்கு உயர்ந்து நின்றவை. டபுள் பேஸ் வாசித்து உரமேறிய கைக்கு அந்த அமைப்பு பொருந்தியது. அந்த ஒலியை விரும்பி அதே உயரத்தில் தந்தியை ஏற்றிவைக்கும் புதியவருக்கு, அந்தக் கையின் பின்னால் இருந்த டபுள் பேஸ் ஆண்டுகள் கிடையாது. ஒருவருக்குப் பொருந்திய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதன் அடியில் உள்ள விசைக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

விசையின் கணக்கு

வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ. மிகத் தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மெல்லிய ஜி தந்தி 98 முறை. இந்தச் சுருதியில் நிற்க ஒவ்வொரு தந்தியும் தோராயமாக 15 முதல் 23 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையில் இறுக்கப்பட்டிருக்கும். சாதாரண மின் கிட்டாரின் தந்தியில் இது பெரும்பாலும் 7, 8 கிலோதான். பேஸ் வாசிப்பவரின் விரல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு இறுக்கத்தோடு பழக வேண்டியிருக்கிறது.

ஆனால் விரல் தந்தியை அதன் நீளவாக்கில் இழுப்பதில்லை. பக்கவாட்டில் சிறிதளவு விலக்கி விடுகிறது. அதற்கான விசை இழுவிசையையும் விலக்கும் தூரத்தையும் மட்டும் பொறுத்ததல்ல. எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதையும் பொறுத்தது. 18 கிலோ இழுவிசை உள்ள தந்தியை 3 மி.மீ. விலக்குவதாகக் கொள்வோம். கருவியின் உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து 6 செ.மீ. தள்ளி மீட்டினால் அதற்குச் சுமார் 970 கிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும். 14 செ.மீ. தள்ளி, பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் இருக்கும் இடத்தில், 460 கிராம் போதும். 20 செ.மீ. தள்ளி, நெக்கை நோக்கி நகர்ந்தால் 350 கிராம். அதே தந்தி, அதே விலகல். கையைச் சில அங்குலம் நகர்த்தியதில் விரலின் சுமை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

இடம் மாறினால் ஒலியின் குணமும் மாறும். பிரிட்ஜுக்கு அருகே மீட்டும்போது மேற்சுரங்கள் கூடுதலாகக் கிளம்பும்; ஒலி கூர்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் கணீரென்ற ஒலி அந்தப் பகுதியில் பிறந்தது. நெக்கை நோக்கிப் போகப்போக ஒலி உருண்டு திரண்டு வரும். இரண்டும் வேண்டியவையே. பிரிட்ஜ் பக்கம் போகும்போது தந்தியை விலக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நெக் பக்கம் பழகிய அதே வீச்சை அங்கேயும் எதிர்பார்த்தால் விரலுக்குப் பளு இரண்டு, மூன்று மடங்காகும்.

கருவியின் அளவும் இந்தக் கணக்கில் சேரும். ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதியில் வைக்கத் தேவையான இழுவிசை, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலக் கருவியை எடுத்தால் இழுவிசை 22 விழுக்காடு குறைந்துவிடும். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் அப்படிப்பட்ட 30 அங்குலக் கருவிதான். சிறிய கை உள்ளவர்களும், காயத்திலிருந்து மீண்டு வருபவர்களும் குட்டைக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

சத்தம் ஆம்பின் பொறுப்பு

தேவைக்கு மேல் அழுத்தி மீட்டுவதற்கு முதற்காரணம் தன் வாசிப்பு தனக்குக் கேட்காததுதான். டிரம்ஸ் பக்கத்தில் முழங்குகிறது, பேஸ் எழவில்லை, விரல் தானாகவே ஆழமாகத் தோண்டத் தொடங்குகிறது. விசையை இரண்டு மடங்காக்கினால் தந்தியின் வீச்சு இரண்டு மடங்காகும். ஒலி 6 டெசிபெல் கூடும். மனிதக் காதுக்குச் சத்தம் இரு மடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதை விரலாலேயே எட்ட நினைத்தால் விசையை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தியாக வேண்டும். ஒலிபெருக்கியான ஆம்பின் குமிழை விரல் நுனியால் திருப்பினால் அதே 10 டெசிபெல் கிடைத்துவிடும்.

பலமாக இழுப்பதால் ஒலியும் கெடுகிறது. வீச்சு பெரிதானால் தந்தி ஃபிரெட்டுகளில் மோதிச் சடசடக்கும். அதிர்வின் தொடக்கத்தில் தந்தி கூடுதலாக இறுகுவதால் சுருதி ஒரு கணம் மேலேறி நிற்கும். ஆம்ப்கள் சிறியவையாக இருந்த தொடக்க காலத்தில் விரலுக்கு வேறு வழி இல்லை. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் திறனுள்ள எஸ்விடி ஆம்பைக் கொண்டுவந்தபோதே பெரிய மேடைகளில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. இன்று கையடக்கமான ஆம்ப்கள்கூட அதைவிடக் கூடுதல் வாட்டைத் தருகின்றன. ஆம்பை உயர்த்தி, அது நேராகத் தன் காதை நோக்கும்படி சாய்த்து வைத்து, விரலைத் தளர்த்துவது இந்தக் கட்டுரையில் உள்ள அறிவுரைகளில் எளிதானது. பலன் உடனே தெரியும்.

பேஸ் கலைஞர் கேரி வில்லிஸ் இப்படி விரலைத் தளர்த்துவதை வாசிப்பு முறையாகவே ஆக்கிக்கொண்டார். தந்திகளுக்கு அடியில், பிக்கப்பின் உயரத்துக்கு ஒரு மரப்பலகையைப் பொருத்துவது அவர் பரப்பிய பழக்கம். விரல் தந்திக்குக் கீழே ஆழமாக இறங்க முயன்றால் பலகை தடுத்துவிடும். எனவே விரல் நுனியின் மேல்சதை மட்டுமே தந்தியைத் தொடும். பலகை இல்லாதவர்களும் பிக்கப்புக்கு நேர் மேலே மீட்டிப் பார்த்தால் இந்தப் பலனில் ஒரு பகுதியைப் பெறலாம்.

விரலை இழுப்பது முன்கை

இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்கு அருகே தசைகள் புரள்வது தெரியும். விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு தடித்த இணைப்புத் திசுவும் சேர்ந்து குறுகிய சுரங்கம் ஒன்றை அமைக்கின்றன. ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

சைக்கிளின் பிரேக் கம்பி நேரான குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். குழாய் சட்டென்று வளைந்திருந்தால் கம்பி வளைவில் உரசும், பிரேக்கை இன்னும் பலமாக அழுத்த வேண்டிவரும். மடங்கிய மணிக்கட்டில் தசைநாண்களுக்கு இதுவே நேர்கிறது. அதோடு சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறி நடுநரம்பு நசுங்குகிறது. மூன்றாவது பாதிப்பும் உண்டு: மணிக்கட்டு உள்நோக்கி மடங்கும்போது விரல் மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிடுகின்றன. சுருங்கிய தசையால் மேற்கொண்டு வலுவாக இழுக்க முடியாது. மணிக்கட்டை முழுவதும் மடக்கிக்கொண்டு ஒரு துணியை இறுகப் பிடிக்க முயன்றால் இது விளங்கும், பிடி நிற்காது.

பேஸ் வாசிப்பில் இந்தக் கோணல் எளிதில் வந்துவிடுகிறது. கருவியின் மேல் விளிம்பில் முன்கையைச் சாய்த்து, அங்கிருந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ஏறத்தாழ செங்குத்தாக மடங்கும். முழங்கையைச் சற்று வெளியே தள்ளி, முன்கை விளிம்பில் அழுந்தாமல் மேலே மிதக்கும்படி வைத்தால் கோணம் விரியும். புறங்கையும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். சிறிய வளைவு தவறில்லை.

வாரின் நீளமும் இதில் பங்குகொள்கிறது. கருவியை மார்புவரை ஏற்றிக் கட்டினால் வலது மணிக்கட்டு மடங்கும். தொடைவரை இறக்கினால் வலது மணிக்கட்டு நேராகும், இடது மணிக்கட்டு மடங்கிவிடும். இரண்டு கைகளுக்கும் நியாயமான உயரம் நடுவில் இருக்கிறது. நெக்கின் முனையைத் தோள் உயரத்தை நோக்கிச் சாய்வாக உயர்த்தினால் இரு மணிக்கட்டுகளும் ஒருங்கே நேராகும். உட்கார்ந்து பயிலும்போதும் வாரை மாட்டிக்கொள்வது நல்லது. பயிற்சியில் ஒரு கோணம், மேடையில் வேறொரு கோணம் என்று கை தடுமாறாது.

இரண்டு விரல்களும் ஒரு துணையும்

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும் முறைக்கு உடற்கூறியலில் நல்ல காரணம் உண்டு. விரல் நுனியை மடக்கும் ஆழ்தசையில் ஆள்காட்டி விரலுக்குரிய பகுதி பெரும்பாலும் தனித்து இயங்கும். நடு, மோதிர, சுண்டு விரல்களுக்குரிய பகுதிகள் பின்னிப் பிணைந்தவை. மோதிர விரலுக்குச் சுதந்திரம் குறைவு; அதன் நீட்டும் தசைநாணும் அக்கம்பக்கத்து விரல்களோடு இணைப்புத் திசுவால் கட்டுண்டது. எனவே வலக்கையில் தனித்தனியாக இயங்க ஏற்ற இணை முதல் இரண்டு விரல்களே. ஒன்று மீட்டும்போது மற்றது ஓய்ந்து திரும்புகிறது. நொடிக்கு எட்டு சுரம் வாசித்தாலும் ஒரு விரலுக்கு நான்குதான்.

மீட்டல் விரலின் அடிமூட்டிலிருந்து, அதாவது உள்ளங்கையோடு விரல் சேரும் இடத்திலிருந்து, பிறக்க வேண்டும். நடு மூட்டை மடித்துக் கொக்கிபோல் இழுத்தால் தந்தி கருவியை விட்டு வெளியே இழுபட்டு, திரும்பி ஃபிரெட்டில் அறையும். அடிமூட்டிலிருந்து விரல் முழுவதும் உள்நோக்கி அசைந்தால் தந்தியைத் தாண்டி அடுத்த தடித்த தந்தியில் மெல்லப் போய்ச் சாயும். அந்தத் தந்தி விரலைத் தாங்கி நிறுத்திவிடுவதால், விரலை நிறுத்த எதிர்த்தசை பிரேக் போட வேண்டியதில்லை. மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது, ஏற்கெனவே அங்கே சாய்ந்திருக்கும் அதே விரலால் தொடர்ந்து மீட்டலாம். உழைப்பு இன்னும் குறையும்.

பெரும்பாலோருக்கு நடுவிரல் ஆள்காட்டி விரலைவிட நீளம். நேராக நீட்டி மீட்டினால் அது ஆழமாக இறங்கும். சுரங்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் கேட்கும். கையைச் சற்றே திருப்பியோ, நடுவிரலைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தோ இரு நுனிகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்துவிடலாம்.

கட்டைவிரல் ஓய்விடம் மட்டுமே. அதை பிக்கப்பின் மேல் பலமாக அழுத்தினால் அடிச்சதை இறுகி, கை முழுவதும் பூட்டிக்கொள்ளும். தடித்த இரு தந்திகளில் வாசிக்கும்போது பிக்கப்பில் மெல்ல வைத்து, மெல்லிய தந்திகளுக்கு நகரும்போது கட்டைவிரலையும் ஈ தந்திக்கோ ஏ தந்திக்கோ இறக்கிவிட வேண்டும். விரலுக்கும் கட்டைவிரலுக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கும். கை விரிந்து இழுபடாது. சும்மா இருக்கும் தந்திகளின் தேவையற்ற ஒலியும் அடங்கும்.

மோதிர விரலையும் சுண்டுவிரலையும் கவனிக்க மறந்துவிடுகிறோம். அவை விறைத்து நீட்டிக்கொண்டோ உள்ளங்கைக்குள் சுருண்டோ இருந்தால், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகின்றன என்று பொருள். வேகத்துக்கு முன் பயிலவேண்டியது இந்த மல்லுக்கட்டை நிறுத்துவதைத்தான். மெதுவான வேகத்தில், மீட்டிய மறுகணமே விரல் தளர்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாசிக்க வேண்டும். தளர்வு நிலைத்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். இறுகிய கையோடு வேகத்தைப் பழகினால் மூளை அந்த இறுக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

கை அனுப்பும் தகவல்

விரல் நுனி காய்த்துப்போவது இயல்பு. கொப்புளம் வந்தால் அது ஆறும்வரை நிறுத்த வேண்டும். தசை களைப்பு ஓரிரு நாளில் தீரும். மரத்துப் போவதும், சுருக்கென்று குத்துவதும், ஓய்விலும் தொடரும் வலியும் வேறு வகை. கட்டை, ஆள்காட்டி, நடு விரல்களும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் இது கூடும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையில் வேறொரு நரம்பு அழுந்துகிறது என்று ஐயப்படலாம். இரண்டுக்கும் மருத்துவரிடம் போக வேண்டும்; தாமதித்தால் நரம்பு பலவீனமாகும்.

வலியே இல்லாமல் விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் நிலையும் உண்டு. பியானோ மேதை லியான் ஃப்ளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளே சுருண்டுகொண்டன. அது மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் வரும் டிஸ்டோனியா என்று பின்னாளில் தெரியவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடக்கைப் படைப்புகளையும் இசை நடத்துதலையும் கற்பித்தலையும் நம்பி வாழ்ந்த அவர், 1990-களில் போட்டாக்ஸ் ஊசியின் உதவியோடு இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். இந்த நிலைக்கு எல்லாக் காரணங்களும் நம் கையில் இல்லை. களைத்த கையை ஓயவிடாமல் விரட்டுவதைத் தவிர்ப்பதாவது நம் கையில் இருக்கிறது.

தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசையைவிட அது மெதுவாகவே பழுதுபார்த்துக்கொள்ளும். நாள்தோறும் அரைமணி பயின்றவர் நிகழ்ச்சி நெருங்குகிறதென்று திடீரென நான்கு மணி நேரம் வாசித்தால் காயத்துக்கு அழைப்பு வைக்கிறார். நேரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், முதல் ஐந்து நிமிடத்தை மெதுவான எளிய வாசிப்புக்கு ஒதுக்குவதும், அரைமணிக்கு ஒருமுறை கருவியைக் கீழே வைத்துத் தோளைத் தளர்த்துவதும் தசைநாணுக்கு ஈடுகொடுக்க அவகாசம் தரும். கருவியை நல்ல கிட்டார்ப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தந்தியின் உயரத்தைத் தாழ்த்தி அமைத்துக்கொள்வதும் உதவும்.

மென்மையாக வாசிப்பது காயத்தைத் தவிர்க்கும் உபாயம் மட்டுமாக இருந்திருந்தால் நோயாளிகளுக்கே அதைச் சொல்லியிருக்கலாம். அதன் பெரிய பலன் இசையில் கிடைக்கிறது. எப்போதும் முழு பலத்தில் மீட்டுபவருக்கு ஓங்கி ஒலிக்க வேண்டிய இடத்தில் ஏற மேலே இடமில்லை. பாதிக்கும் குறைவான விசையில் வாசிப்பவரிடம் ஒரு சுரத்தைக் கிசுகிசுக்கவும் அடுத்ததை முழக்கவும் இடம் இருக்கிறது. பாடலின் ஏற்ற இறக்கம் முழுவதும் அவர் விரலுக்குள் வருகிறது. ஆகவே பேஸ் கற்றுத்தரும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் வகுப்பில், ஸ்கேலுக்கும் முன்பாக, ஆம்பைக் கூட்டி விரலைக் குறைக்கச் சொல்லிக்கொடுங்கள். மணிக்கட்டின் கோணத்தைப் பாருங்கள். வலிக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள்; வலிக்கிறது என்று மாணவர் சொன்னால், அவர் உறுதியைச் சோதிக்காமல் கை வைக்கும் முறையைத் திருத்துங்கள்.